விளக்கின் முன் வண்டு

1910-ஆம் வருஷம். இன்று லிதுவேனியா நாட்டில் கௌனாஸ் என்று வழங்கும் ஊர், அன்று ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் கோவ்னோ என்ற பெயரோடு இருந்தது. அந்த ஊரில் ஒரு மனிதர் இரண்டு வண்டுகளைச் சண்டைக்கு மூட்டிவிட முயன்று தோற்றுப் போனார்.

அவர் பெயர் விளாதிஸ்லாவ் ஸ்டாரெவிச். போலந்துக்காரப் பெற்றோருக்கு மாஸ்கோவில் பிறந்தவர். சிறு பிராயம் முதல் பூச்சி சேகரிப்பதில் பெரும் பித்து. உள்ளூர்ப் பொருட்காட்சி சாலைக்காகச் சலனப் படங்கள் எடுத்து வந்தார். அங்கே ஒரு ஜாதி வண்டு உண்டு. அதன் தாடைகள் கலைமானின் கொம்புகளைப் போலக் கிளைத்து வளர்ந்திருக்கும். பெண் வண்டுக்காக இரண்டு ஆண் வண்டுகள் அந்தக் கொம்புகளை மாட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்கும். அந்தக் காட்சியைப் படம் பிடிக்க வேண்டும் என்பது ஸ்டாரெவிச்சின் ஆசை. ஆனால் அவை இருட்டில் உலாவும் பிராணிகள். படம் பிடிக்கவோ வெளிச்சம் வேண்டும். விளக்கை ஏற்றினார், வண்டுகள் சண்டையை விட்டுவிட்டு அசைவற்றுக் கிடந்தன. எத்தனை தடவை முயன்றாலும் அதே கதைதான்.

அதற்குச் சில காலம் முன்பு, எமில் கோல் என்ற பிரெஞ்சுக்காரர் தீக்குச்சிகளை நடமாட வைத்து எடுத்திருந்த ஒரு படத்தை ஸ்டாரெவிச் பார்த்திருந்தார். அது நினைவுக்கு வந்தது. செத்த வண்டுகளை எடுத்தார். கால்களையும் கொம்புகளையும் கழற்றி, மெல்லிய கம்பி வைத்து, அரக்கினால் மறுபடி உடலோடு ஒட்டினார். ஒரு காலை நெல்மணி அளவு நகர்த்துவது, ஒரு படம் எடுப்பது. இன்னொரு காலை நகர்த்துவது, மற்றொரு படம் எடுப்பது. இப்படி எடுத்தவற்றை வரிசையாக ஓட்டியபோது, செத்த வண்டுகள் எழுந்து நின்று கொம்போடு கொம்பு மோதின. பழக்கப்படுத்திய வண்டுகள் என்றே நம்பியவர்களும் அந்நாளில் இருந்தார்களாம்.

உயிருள்ள வண்டு மறுத்தது. உயிரற்ற வண்டு இணங்கிற்று. இந்த விவரத்தைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. ஸ்டாரெவிச் செய்தது வண்டின்மேல் இரக்கப்பட்டுச் செய்ததா? அல்லது, மறுத்துச் சொல்ல வாயில்லாத ஒன்றைத் தன் இஷ்டப்படி ஆட்டிவைத்த அகம்பாவமா? சினிமாக்காரர்களின் தந்திரம் என்று இதை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. கதை எழுதுகிறவனுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பெரிதாக்கும் காரியத்தைக் கவனிப்போம். விரல் நீளமுள்ள வண்டு திரையில் விழும்போது ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிறது. படம் பிடிக்கிறவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், திரை எல்லாவற்றையும் பெரிதாக்கிவிடுகிறது. 1912-இல் ஸ்டாரெவிச் எடுத்த 'படம் பிடிப்பவனின் பழிவாங்கல்' என்ற சிறு படம் இதையே கதையாகக் கொண்டது. அதில் ஒரு வண்டுக் கணவன். அவனுக்கு ஒரு வண்டு மனைவி. கணவன் பட்டணத்துக்குப் போகிற சாக்கில் தட்டாரப் பூச்சி வடிவில் இருக்கும் நாட்டியக்காரியிடம் மயங்குகிறான். அவள்மேல் கண்வைத்திருந்த வெட்டுக்கிளி ஒன்று, கையில் படம் பிடிக்கும் கருவியோடு பின்தொடர்ந்து, சாவித் துவாரம் வழியாக எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்கிறது. மனைவியும் வீட்டில் சும்மா இருக்கவில்லை; அவளுக்கு ஒரு சித்திரக்காரன் சிநேகம். கடைசியில் கணவன் பெருந்தன்மையோடு அவளை மன்னித்து, சினிமா பார்க்க அழைத்துப் போகிறான். அங்கே படம் ஓட்டுகிற ஆள் அந்த வெட்டுக்கிளிதான்! திரையில் ஓடுவது கணவனின் லீலை!

பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நூறு வருஷம் தாண்டியும் சிரிப்பு குறையவில்லை. ஆனால் சிரித்து முடித்தபின் ஒன்று தோன்றுகிறது. அந்த வண்டு செய்த தப்பு, பட்டணத்து விடுதி அறைக்குள் அடங்கிப் போயிருக்க வேண்டிய தப்பு. அதை ஊர் கூடிப் பார்க்கும் அளவுக்குப் பெரிதாக்கியது வெட்டுக்கிளியின் கோபம். தப்பு நிஜம், படமும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அது தர்மமான காரியம்தானா?

பூச்சிகளைப் பெரிதாக்கிப் பயமுறுத்தும் கலை பிற்பாடு அமெரிக்காவுக்குப் போய் வேறு உருவம் எடுத்தது. அணுகுண்டு வெடித்துப் பத்து ஆண்டுகூட ஆகாத காலம். 1954-இல் வந்த ஒரு படத்தில், நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனையின் விளைவாக எறும்புகள் யானையைப் போலப் பெருத்து ஊரை அழிக்க வருகின்றன. அடுத்த வருஷம் ஒரு ராட்சதச் சிலந்தி வந்தது. 1957-இல் மெக்ஸிகோவின் எரிமலைப் பிளவிலிருந்து ராட்சதத் தேள்கள் கிளம்பின. சிலந்தியும் தேளும் எட்டுக் கால் உடையவை, அவற்றைப் பூச்சி வகையில் சேர்க்கக்கூடாது என்று விலங்கியல் வாத்தியார்கள் சொல்வார்கள். பயத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

உண்மையில் இயற்கை அப்படி ஒரு எறும்பை அனுமதிக்காது. ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற பெரிய விஞ்ஞானி 1926-இலேயே இதைப் பற்றி ஓர் அழகான கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார் அவர். விஷயம் சுலபமானது. ஓர் எறும்பை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நூறு மடங்கு ஆக்கினால், அதன் எடை பத்து லட்சம் மடங்கு ஆகிவிடும். கால்களின் பலமோ, அவற்றின் குறுக்குப் பரப்பைப் பொறுத்து, பத்தாயிரம் மடங்குதான் ஆகும். அதாவது காலின் குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு துளி இடமும் முன்பு தாங்கியதைப் போல நூறு பங்கு சுமையைத் தாங்க வேண்டும். எழுந்து நிற்கும் முன்பே முறிந்து விழும். மூச்சும் திணறும், பூச்சிக்கு நம்மைப் போல நுரையீரல் கிடையாது, உடம்பின் பக்கங்களிலுள்ள சிறு துளைகளின் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். ஆகவே, திரையில் நாம் பார்த்து நடுங்குகிற எறும்பு உலகத்தில் எங்கேயும் இல்லை. நம்முடைய பயத்தைத்தான் எறும்பின் உருவத்தில் பார்க்கிறோம். குண்டு போட்டவன் மனிதன். பழியைச் சுமந்தது எறும்பு.

இந்தப் படங்களை எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை. 1955-இல் வந்த சிலந்திப் படத்துக்கு நிஜச் சிலந்தியையே பிடித்து வந்தார்கள். சின்னதாகச் செய்த குன்றுகளின்மேல் அதை விட்டு, குழாய் வழியாகக் காற்றை ஊதி ஊதி வேண்டிய திசையில் ஓட்டினார்கள். காற்று தாங்காமல் அது ஓடிய ஓட்டம், ஊரை விழுங்க வரும் ஆவேசமாகத் திரையில் தெரிந்தது. தேள் படத்துக்கு வேறு வழி. 1933-இல் 'கிங் காங்' குரங்கை உலவவிட்ட வில்லிஸ் ஓ'பிரையன் தம்முடைய எழுபதாவது வயதை ஒட்டி, பீட் பீட்டர்ஸன் என்ற துணைவரோடு சேர்ந்து, பொம்மைத் தேள்களை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம் பிடித்தார்.

ஒரு பக்கம் காற்றால் விரட்டப்பட்ட உயிர். மறுபக்கம் விரலால் நகர்த்தப்பட்ட பொம்மை. திரையில் பயம் என்னவோ ஒன்றுதான். செய்தவன் மனசில் மட்டும் பெரிய வித்தியாசம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். காற்று ஊதுகிறவன் சிலந்தியைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது தானே நடந்துவிடும். பொம்மையை நகர்த்துகிறவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. நடை என்றால் என்ன என்று அவன் படித்தாக வேண்டும்.

ஓ'பிரையனின் சீடர் என்று சொல்லத் தக்கவர் ரே ஹாரிஹௌஸன். பதின்மூன்று வயதில் 'கிங் காங்' பார்த்துவிட்டு, வாழ்நாள் முழுவதையும் இந்தக் கலைக்கே கொடுத்தவர். 2013-இல் தொண்ணூற்றிரண்டு வயதில் மறைந்தார். பெரும்பாலும் தனியாகவே வேலை செய்வார். 1961-இல் ஜூல்ஸ் வெர்னின் 'மர்மத் தீவு' நாவலைப் படமாக்கியபோது, ராட்சதத் தேனீ ஒன்றை அவர் நடக்க வைத்தார். ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் மாபெரும் தேன்கூட்டின் அறை ஒன்றில் ஒளிந்துகொள்ள, தேனீ நிதானமாக வந்து அந்த அறையின் வாயை மெழுகால் மூடி அடைக்கிறது. அதற்குக் கோபம் இல்லை, குரோதம் இல்லை. தன் வேலையைப் பார்க்கிறது. அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த நிதானத்துக்குப் பின்னால் உள்ள உழைப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொம்மைக்குள் உலோகத்தால் ஆன எலும்புக்கூடு. நம் தோள்பட்டையில் இருப்பதைப் போலப் பந்தும் கிண்ணமுமான மூட்டுகள். மேலே ரப்பர்த் தோல். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பூச்சிக்கு ஆறு கால்கள், இரண்டு உணர்கொம்புகள், ஒரு தலை, ஒரு வயிறு. ஒவ்வொரு படத்துக்கும் இந்தப் பத்து இடங்களைத் தொட்டு நகர்த்தினால், ஒரு விநாடிக்கு 240 தொடல்கள். ஒரு நிமிஷத்துக்கு 14,400. அதிலும் கண்டபடி நகர்த்த முடியாது. ஒரு பக்கத்தின் முன்காலும் பின்காலும் எழும்போது, மறுபக்கத்தின் நடுக்கால் கூட எழ வேண்டும். மற்ற மூன்று கால்களும் முக்காலி போல் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பூச்சிகள் அப்படித்தான் நடக்கின்றன. நடுவில் சாப்பிடப் போய்த் திரும்பியவன், எந்தக் கால் எதுவரை வந்திருந்தது என்பதை மறந்தானானால் அன்றைய வேலை பாழ். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நாம் சொல்கிறோம். அந்த எறும்பை ஊர வைப்பதற்குள் மனிதனே தேய்ந்து போகிறான்!

பூச்சியைக் காட்டி நம்மைப் பயமுறுத்துகிறவனைவிடப் பூச்சியை நன்றாக அறிந்தவன் இல்லை என்று இதனால் ஆகிறது. நாம் வாழ்நாளில் எத்தனை தேனீக்களைப் பார்த்திருப்போம்! அதன் எந்தக் கால் முதலில் எழுகிறது என்று ஒரு தடவையாவது கவனித்தோமா?

இதைக் கேட்டுவிட்டு, பொம்மை செய்கிறவர்கள் எல்லோரும் ஜீவகாருண்ய சீலர்கள் என்று நான் வாதாடுவதாக எண்ணிவிட வேண்டாம். அதே 'மர்மத் தீவு' படத்தில் ஒரு ராட்சத நண்டும் வருகிறது. அதற்காக நிஜ நண்டு ஒன்றை வாங்கி, கொன்று, சுத்தம் செய்து, அதன் ஓட்டுக்குள் உலோக மூட்டுகளைப் பொருத்தினார்கள். ஸ்டாரெவிச்சின் விஷயமும் அதுதான். பூச்சி சேகரிப்பவர்களின் பெட்டிக்குள் வண்டுகள் கிழப்பருவம் எய்திச் சாவதில்லை. இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற குழந்தை, சுவரில் ஊரும் சிலந்தியை முன்னைவிட அதிக வெறுப்போடு அடிக்கக்கூடும் என்பதையும் நான் மறுக்கவில்லை. பெரிதாக்கிக் காட்டுவதில் இப்படி ஒரு பாவம் கலந்தே இருக்கிறது. அதைக் கழுவிவிட முடியுமா என்பதுதான் என் கேள்வி.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாவல் எழுதினேன். அதில் ஒரு வட்டிக்கடைக்காரர் வருகிறார். வாசகர்கள் அவரைத் திட்டிக் கடிதம் எழுதினார்கள். நான் மகிழ்ந்து போனேன். அந்தப் பாத்திரத்தை நான் சிருஷ்டிக்கவில்லை. எங்கள் தெருவில் வட்டிக்குப் பணம் கொடுத்து வந்த ஒரு பெரியவரை அப்படியே தூக்கி வைத்திருந்தேன். தவணை தவறிய ஒரு விதவையின் வீட்டிலிருந்து அவர் பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். ஆனால் பொடி போடுவதற்கு முன்னால் டப்பியின் மூடியை மூன்று தரம் தட்டுவாரே, அந்தப் பழக்கத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. எழுதுகிறபோது அது அவ்வளவு ருசியாக இருந்தது. அந்த மூன்று தட்டு போதாதா? தெருப் பிள்ளைகள் நாவலில் வந்த பெயரைச் சொல்லியே அவரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, பதில்களைத் தயார் செய்துகொண்டு வெளியே வந்தேன்.

"தம்பி, நீங்க எழுதினதைப் பேத்தி படிச்சுக் காட்டினா. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டாவைத் தூக்கிக்கிட்டு வந்தது நெசந்தான். பொங்கலுக்கு முந்தின நாள் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துட்டேனே, அது உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. தயார் செய்து வைத்த பதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவர் எழுந்தார். பழக்கதோஷத்தில் கை மடிக்குப் போய்ப் பொடி டப்பியை எடுத்தது. என்னை ஒரு தரம் பார்த்தார். தட்டாமலே அதை மறுபடி மடியில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

ஸ்டாரெவிச்சின் விளக்கைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. உயிருள்ள வண்டை விளக்கின் முன்னால் தள்ளியவன் நான். அது அசையாமல் கிடந்ததும் ஸ்டாரெவிச் அதை விட்டுவிட்டுப் பொம்மையைத் தேடிப் போனார். நானோ குழாய் வைத்துக் காற்று ஊதினேன். அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, நான்தான் பிரமாதமாக எழுதிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வட்டிக்கடைக்காரரைப் பற்றி எழுதவே கூடாது என்று இதற்கு அர்த்தமா? அப்படி நான் நினைக்கவில்லை. அண்டா போன அன்று அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த கோலமும் நிஜம்தான். சின்ன வீடுகளில் நடக்கும் சின்னக் கொடுமைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. அவற்றை நாலு பேர் பார்க்கும்படி பெரிதாக்கிக் காட்டுவதற்குத்தான் கதையே இருக்கிறது. பெரிதாக்குவது குற்றம் என்றால் எழுத்தாளன் பேனாவை மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் பொம்மையை நகர்த்துகிறவனுக்கு ஒரு நியதி இருக்கிறது. எனக்கு அது இல்லாமல் போயிற்று. அவன் ஆறு காலையும் நகர்த்தியாக வேண்டும். கொட்டுகிற கொடுக்கை மட்டும் நகர்த்திவிட்டு மற்றதை விட்டுவிட்டால், பொம்மை பொம்மையாகவே கிடக்கும். நான் நகர்த்தியது ஒரே ஒரு கால். அண்டாவைத் தூக்கின கால். அதைத் திருப்பிக் கொண்டுபோன கால், பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்ன கால், எல்லாம் அசையாமலே நின்றன. நிஜ மனிதரைத் தூக்கி வைத்ததால் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. மீதிக் கால்களுக்கு அவரே உயிர் கொடுத்துவிட்டார். அவரை நானே மூட்டு மூட்டாகச் செய்திருந்தேனானால், அண்டா வாங்கின கை அப்புறம் என்ன செய்யும் என்று ஒரு தரமாவது யோசித்திருப்பேன்.

எழுதியதை வெட்டவும் எனக்குத் தைரியம் இருந்திருக்க வேண்டும். 'கிங் காங்' படத்தில், பாதாளத்தில் விழுந்த மாலுமிகளை ராட்சதச் சிலந்தியும் பூச்சிகளும் தின்பதாக ஓ'பிரையன் பாடுபட்டு எடுத்த காட்சி ஒன்று இருந்தது. அது கதையின் ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறது என்று கூப்பர் என்ற இயக்குநர் வெட்டி எறிந்தார். இன்று அந்தப் படச்சுருள் இல்லை. சில புகைப்படங்கள்தாம் மிச்சம். அவ்வளவு பாடுபட்டதையே வெட்ட முடிந்திருக்கிறது. மூன்று தட்டை வெட்ட என்னால் முடியவில்லை.

ஆறு கால்களையும் நகர்த்தினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1989-இல் வந்த ஓர் அமெரிக்கப் படத்தில், ஒரு விஞ்ஞானியின் கருவியில் அகப்பட்ட குழந்தைகள் எறும்பைவிடச் சிறியவர்களாகிவிடுகிறார்கள். இங்கே பூச்சி பெருக்கவில்லை; மனிதன் சுருங்கினான். வீட்டுக் கொல்லைப் புல்தரை அவர்களுக்குப் பெருங்காடாகிறது. முதலில் ஓர் எறும்பைக் கண்டு அலறுகிறார்கள். பிறகு தின்பண்டம் கொடுத்துப் பழக்கி அதன்மேல் சவாரி செய்கிறார்கள். இரவில் ஒரு தேள் தாக்க வரும்போது, அந்த எறும்பு குறுக்கே பாய்ந்து போராடிச் செத்துப் போகிறது. அந்தச் சண்டைக்காகவும் பொம்மைகளை அணு அணுவாக நகர்த்திப் படம் எடுத்தார்கள். ராட்சத எறும்பு எரிந்து சாவதைப் பார்த்து 1954-இல் நிம்மதிப் பெருமூச்சு விட்ட அதே நாட்டில், ஓர் எறும்பின் சாவுக்காகக் குழந்தைகள் அழுதார்கள். பெரிதாகத் தெரிந்த எறும்பு இரண்டு படத்திலும் உண்டு. ஒன்றில் அது வந்து கொல்வதை மட்டும் பார்த்தோம். மற்றதில் அது தின்பதையும் தயங்குவதையும் சுமப்பதையும் கூடப் பார்த்தோம்.

ஸ்டாரெவிச் ருஷ்யாவை விட்டுப் பாரிஸ் பக்கத்தில் ஒரு சிற்றூரில் குடியேறி, மகள் துணையோடு 1965-இல் இறக்கும் வரை பொம்மைகளை நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒரு மனிதன் தன் ஆயுளை இதில் கழிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சந்தேகம் இப்போது இல்லை.

என் நாவல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பொடி டப்பியை எடுத்துவிட்டேன். பொங்கலுக்கு முந்தின நாள் அண்டா திரும்பி வருவதாக ஒரு பக்கம் சேர்த்தேன். கதை கெட்டுப் போயிற்று என்று இரண்டொருவர் எழுதினார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பேத்திதான் கதவைத் திறந்தாள். அவர் போய் எட்டு மாதமாகிவிட்டது என்றாள்.